பூஜ்யப் பெருக்கல்: விடையும் இழப்பும்

எந்த எண்ணையும் பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம். சின்ன வகுப்பில் வாய்ப்பாட்டோடு வாய்ப்பாடாக மனத்தில் ஏறும் இந்த விதியை அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வகுத்தலில் பூஜ்யம் வரும்போது மட்டும் ஆசிரியர் தடுத்து நிறுத்துகிறார். ஏன் கூடாது என்று கேட்டால் 'வரையறுக்கப்படவில்லை' என்ற ஒற்றைச் சொல் பதிலாகக் கிடைக்கிறது. பெருக்கலில் கேள்வி எழுவதில்லை, வகுத்தலில் பதில் வருவதில்லை; மாணவர் மனத்தில் இரண்டும் தொடர்பற்ற இரண்டு செய்திகளாகத் தங்கிவிடுகின்றன. உண்மையில் அவை ஒரே செய்தியின் இரு பக்கங்கள். 7ஐ 3ஆல் பெருக்கினால் 21. பெருக்கியது 3 என்று தெரிந்தால் 21இலிருந்து 7ஐ மீட்டுவிடலாம். 7ஐப் பூஜ்யத்தால் பெருக்கியபின் கையில் இருப்பது வெறும் பூஜ்யம். அது 7இலிருந்து வந்ததா, 7 லட்சத்திலிருந்து வந்ததா என்று எந்தக் கணக்காலும் கண்டுபிடிக்க முடியாது. நமக்குப் பழக்கமான எண்களில் திரும்பும் வழி இல்லாத பெருக்கல் இது ஒன்றுதான். பூஜ்யப் பெருக்கல் ஒரு விடையைத் தருகிறது, கூடவே ஒரு தகவலை அழிக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் பிரம்மகுப்தரிலிருந்து இன்றைய பாலாற்றங்கரைக் கழிவுநீர்க் கணக்கு வரை, இந்த இழப்பை நினைவில் வைத்த இடங்களில் கணக்கு நேராகச் சென்றிருக்கிறது, மறந்த இடங்களில் தடுமாறியிருக்கிறது. இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

விதியின் மீது குழந்தைகள் எழுப்பும் முதல் ஆட்சேபத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமில்லை. 'என்னிடம் 3 மாம்பழம் இருக்கிறது. பூஜ்யம் தடவை பெருக்கினேன், அதாவது ஒன்றுமே செய்யவில்லை. அப்படியானால் 3 மாம்பழமும் அப்படியே இருக்க வேண்டுமே?' இந்தத் தர்க்கத்தில் பழுதில்லை; அது வேறொரு கேள்விக்கான சரியான பதில். 'பூஜ்யத்தால் பெருக்குவது' ஒரு செயல், 'பூஜ்யம் தடவை பெருக்குவது' இன்னொரு செயல். 3ஐ 5ஆல் ஒரு தடவை பெருக்கினால் 15, இரண்டு தடவை பெருக்கினால் 75, ஒரு தடவைகூடப் பெருக்காவிட்டால் 3 அப்படியே 3. 5இன் பூஜ்ய அடுக்கு 1 என்று பள்ளியில் சொல்லித்தருவதன் பொருள் இதுதான். அதாவது அந்தக் குழந்தை அடுக்குக்குறியின் விதியைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டது. பெருக்கலோ கையிலிருக்கும் எண்ணிலிருந்து தொடங்குவதில்லை, ஒன்றுமில்லாத நிலையிலிருந்து தொடங்குகிறது. 4 × 3 என்றால் காலிக் கூடையில் மும்மூன்றாக நான்கு முறை போடுகிறோம். 0 × 3 என்றால் ஒரு முறையும் போடவில்லை. கூடை காலியாகவே இருக்கிறது. தொடக்கம் எங்கே என்பதைச் சொல்லாமல் விதியை மட்டும் சொன்னால் குழந்தையின் ஐயம் தீராது, அடங்கிப்போகும்.

ஆனால் கூடை விளக்கம் முழு எண்களோடு நின்றுவிடும். பின்னங்களையும் குறை எண்களையும் கூடையில் போட முடியாது. அங்கே விதியைத் தாங்கி நிற்பது பங்கீட்டுப் பண்பு. ஒரு கூட்டுத்தொகையைப் பெருக்கினாலும், தனித்தனியே பெருக்கிக் கூட்டினாலும் ஒரே விடை வர வேண்டும் என்பது அது. 0 + 0 = 0 என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இருபுறமும் ஏதோ ஓர் எண் அ ஆல் பெருக்குவோம். இடப்புறம் அ × 0 + அ × 0, வலப்புறம் அ × 0. இருபுறத்திலிருந்தும் ஒரு அ × 0ஐக் கழித்தால் அ × 0 = 0 என்று நிற்கிறது. எங்கேயும் புதிய ஒப்பந்தம் எதையும் நாம் செய்துகொள்ளவில்லை. கூட்டலும் பெருக்கலும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்று கேட்டோம், அந்தக் கோரிக்கையே இந்த விடைக்கு நம்மைத் தள்ளிவிட்டது. 'பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம் என்று பெரியவர்கள் வைத்துக்கொண்டார்கள்' என்று கற்பிப்பது அதனால் தவறு. வேறு மாதிரி வைத்துக்கொள்ள இடமே இல்லை. மாணவர்களை அதிகம் குழப்பும் 'குறையைக் குறையால் பெருக்கினால் மிகை' என்ற விதிகூட இதன் மேல்தான் நிற்கிறது. (−1)ஐ 1 + (−1)ஆல் பெருக்கினால் பூஜ்யம் வந்தாக வேண்டும், ஏனெனில் அடைப்புக்குள் இருப்பது பூஜ்யம். பிரித்துப் பெருக்கினால் −1 + (−1)(−1). இது பூஜ்யமாக வேண்டுமானால் (−1)(−1) என்பது 1ஆக இருப்பதைத் தவிர வழியில்லை.

இந்த விதிகளை இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களில் முதன்முதலாக முறைப்படுத்தி எழுதியவர் பிரம்மகுப்தர். இன்றைய ராஜஸ்தானின் பீன்மாலைச் சேர்ந்த அவர் 628இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தின் 18ஆம் அத்தியாயத்தில் மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் வைத்து, பூஜ்யத்தோடு அவற்றைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதி தருகிறார். கடனைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும், தனத்தைப் பெருக்கினாலும், பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் விடை பூஜ்யம். இதன் பெருமை பெரும்பாலும் தவறான இடத்தில் வைக்கப்படுகிறது. காலி இடத்துக்கு ஒரு குறி போடுவது வேறு நாகரிகங்களிலும் இருந்தது. அந்தக் குறியை மற்ற எண்களோடு சமமாக நிறுத்தி, 'இதையும் கூட்டு, இதையும் பெருக்கு' என்று சொன்னதே அவருடைய துணிவு. அந்தத் துணிவு அவரை வகுத்தலுக்கும் இழுத்துச் சென்றது. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றார். வேறு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யத்தைக் கீழே போட்ட பின்னமாகவே விட்டுவிட்டார். பெருக்கலில் என்ன அழிந்தது என்று கேட்காமல் அதைத் திருப்பிப் போக முயன்றதால் வந்த சிக்கல் அது.

அடுத்த இரண்டு நூற்றாண்டில் அந்தச் சிக்கல் தெற்கே வந்தது. ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், 850ஐ ஒட்டி, சமணக் கணிதர் மகாவீரர் எழுதிய கணித சார சங்கிரகம், பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம் என்று சரியாகச் சொல்லிவிட்டு, பூஜ்யத்தால் வகுத்தால் எண் மாறாமல் அப்படியே இருக்கும் என்கிறது. இந்த நூலைச் சுவடிகளிலிருந்து பதிப்பித்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காச்சாரியார், 1912இல் சென்னை அரசாங்கம் அதை வெளியிட்டது. மகாவீரரின் தவறு நாம் முன்பே பார்த்த குழந்தையின் ஆட்சேபம்தான். 'பூஜ்யத்தால் வகுத்தேன்' என்பதை 'வகுக்கவே இல்லை' என்று அவர் படித்திருக்க வேண்டும். பெருக்கலில் ஒரு பொருளும் வகுத்தலில் இன்னொரு பொருளும் கொண்டதால் இரு விதிகளும் ஒன்றுக்கொன்று எதிரிகளாகிவிட்டன. 7ஐப் பூஜ்யத்தால் வகுத்தால் 7 என்றால், அந்த 7ஐப் பூஜ்யத்தால் பெருக்கும்போது பழைய 7 வர வேண்டும்; அவருடைய முதல் விதிப்படியே பூஜ்யம்தான் வரும். இதனால் அவருடைய நூலின் மதிப்பு குறைவதில்லை. அவ்வளவு பெரிய கணிதரையே இடறவைத்த இடம் என்றால், பதின்மூன்று வயது மாணவர் இடறுவதில் வியப்பில்லை.

இந்த வரலாற்றில் என்னை அதிகம் நிறுத்துவது இரண்டாம் பாஸ்கரரின் லீலாவதி. 1150இல் எழுதப்பட்ட அந்த நூலில் ஒரு கணக்கு வருகிறது. ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கி, வந்ததோடு அதில் பாதியைக் கூட்டி, 3ஆல் பெருக்கி, பிறகு பூஜ்யத்தால் வகுத்தால் 63 வருகிறது. அந்த எண் எது? இன்றைய வகுப்பறையில் இதற்கு இரண்டாவது வரியிலேயே கதவு சாத்தப்படும். பூஜ்யத்தால் பெருக்கியதும் எண் மறைந்துவிட்டது, மேலே பேச ஒன்றுமில்லை. பாஸ்கரருக்கும் அது தெரிந்திருந்தது. பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம் என்று சொல்லும் அதே இடத்தில் அவர் ஓர் எச்சரிக்கை வைக்கிறார்: இன்னும் செயல்கள் பாக்கி இருந்தால் உடனே பூஜ்யம் என்று எழுதிவிடாதே, 'பூஜ்யத்தால் பெருக்கப்பட்ட எண்' என்று அடையாளத்தோடு வைத்திரு, பின்னால் பூஜ்யம் வகுக்கும் எண்ணாக வந்தால் இரண்டும் நீங்கி எண் மீளும். அப்படிச் செய்தால் 14 கிடைக்கிறது. 14உம் அதன் பாதி 7உம் சேர்ந்து 21, அதன் மும்மடங்கு 63.

இது தவறா? நம் எண் விதிகளின்படி தவறு. ஆனால் பூஜ்யப் பெருக்கல் தகவலை அழிக்கும் என்பதை இவ்வளவு தெளிவாக உணர்ந்து, அந்த அழிவை ஒத்திப்போட வழி தேடிய வேறொரு பழைய நூலை நான் அறியேன். பூஜ்யம் இருக்கும் இடத்தில் மிகச் சிறிய, ஆனால் பூஜ்யமல்லாத ஓர் அளவை வைத்துப் பாருங்கள். பெருக்கி, பாதி கூட்டி, மும்மடங்காக்கி, அதே சிறிய அளவால் வகுத்தால் 14 துல்லியமாகத் திரும்பி வருகிறது. அந்த அளவை எவ்வளவு சுருக்கினாலும் விடை மாறுவதில்லை. கிரகக் கணிதத்தில் இவ்வகைக் கணக்கு மிகவும் பயன்படும் என்று பாஸ்கரர் சொல்வதையும் சேர்த்துப் படித்தால், நொடிக்கு நொடி மாறும் கிரகத்தின் வேகம் போன்ற ஒன்றை அவர் மனத்தில் வைத்திருக்கலாம் என்று எண்ண இடமிருக்கிறது. ஐரோப்பாவில் நியூட்டனும் லைப்னிட்ஸும் நுண்கணிதத்தை உருவாக்கியபோது இதே இடத்தில்தான் சிக்கினார்கள். வகுக்கும்போது பூஜ்யமில்லை என்று வைத்துக்கொண்டு, முடிவில் பூஜ்யம் என்று தூக்கி எறிவது என்ன நியாயம் என்று 1734இல் பெர்க்லி பாதிரியார் கேட்டார். 1821இல் கோஷி எல்லை என்ற கருத்தை முறைப்படுத்தத் தொடங்கிய பிறகுதான் அதற்கு உறுதியான பதில் உருவாயிற்று. பூஜ்யம் வேறு, பூஜ்யத்தை நெருங்குவது வேறு; முன்னதில் திரும்ப முடியாது, பின்னதில் முடியும்.

இந்த வேறுபாட்டைத் தமிழ்க் கணக்கு மரபு இன்னொரு திசையிலிருந்து காட்டுகிறது. பழைய தமிழ் எண்முறையில் பூஜ்யத்துக்குக் குறி இல்லை. பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனித்தனிக் குறிகள் இருந்ததால் 2005ஐ ௨௲௫ என்று எழுதிவிடலாம். காலியிடம் என்ற பிரச்சினையே எழாது. இன்று கணினியில் தட்டச்சும் தமிழ்ப் பூஜ்யக்குறி 2005இல்தான் யூனிகோடில் சேர்ந்தது. ஆனால் அந்த மரபு சிறுமையை நோக்கி வியப்பூட்டும் ஆழத்துக்கு இறங்கியது. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக ஒரு வரிசை. மா, காணி, முந்திரி என்று இன்னொன்று. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. முந்திரியை முந்திரியால் பெருக்கினால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒரு பங்கு. ராஜராஜன் கால நில அளவையில் வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கல்வெட்டில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் இந்தப் பின்னங்களின் பெருக்கல் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தார்கள். இந்தப் பெருக்கல்கள் எல்லாவற்றுக்கும் திரும்பும் வழி உண்டு. முந்திரியால் பெருக்கியதை 320ஆல் பெருக்கினால் பழைய எண் வந்துவிடும். எவ்வளவு கீழே இறங்கினாலும் ஏணி உடையாது. ஆகவே பூஜ்யம் என்பது மிக மிகச் சிறிய பின்னம் என்று நினைப்பது பிழை. பின்னங்கள் எவ்வளவு சிறுத்தாலும் தகவலைக் காப்பாற்றும், பூஜ்யம் காப்பாற்றாது.

பள்ளி இயற்கணிதத்தில் நிகழும் பிழைகளில் கணிசமானவை இந்த ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. க² = 5க என்ற சமன்பாட்டைக் கொடுத்தால் பலர் இருபுறமும் க ஐ அடித்துவிட்டு க = 5 என்று முடிப்பார்கள். க = 0 என்ற தீர்வு காணாமல் போயிற்று. அடித்தல் என்பது வகுத்தல். வகுத்த க பூஜ்யமாக இருக்கலாம் என்பது மறந்துபோயிற்று. எதிர்ப் பிழையும் உண்டு. க/(க − 2) = 2/(க − 2) என்பதில் இருபுறமும் (க − 2)ஆல் பெருக்கினால் க = 2 வருகிறது. ஆனால் க = 2 என்றால் நாம் பெருக்கியது பூஜ்யத்தால். பூஜ்யத்தால் பெருக்கிய சமன்பாடு எதையும் ஒப்புக்கொள்ளும்; 5 = 8 என்ற பொய்யைக்கூடப் பூஜ்யத்தால் பெருக்கினால் 0 = 0 என்ற மெய்யாகிவிடும். அதனால் அந்தத் தீர்வு புறத்திலிருந்து நுழைந்தது, மூலச் சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லை. 1 = 2 என்று நிறுவும் பழைய வித்தையும் இதுதான். அ = ஆ என்று தொடங்கி, அ² − ஆ² = அஆ − ஆ² வரை ஒழுங்காக வந்து, இருபுறமும் (அ − ஆ)ஐ அடித்ததும் அ + ஆ = ஆ, அதாவது 2 = 1 என்று வந்து நிற்கும். அடிக்கப்பட்டது பூஜ்யம். இவற்றைக் கவனக்குறைவு என்று தனித்தனியாகத் திருத்துவதைவிட, மூன்றுக்கும் ஒரே வேர் என்று காட்டுவது மாணவருக்கு நீண்டகாலம் உதவும்.

இழப்பு என்று சொல்லிக்கொண்டே போனாலும், இயற்கணிதம் இந்த இழப்பிலிருந்தே தன் மிகப் பெரிய கருவியைச் செய்துகொண்டது. இரண்டு எண்களின் பெருக்கல் 12 என்றால் அவை எவை என்று சொல்ல முடியாது. 3உம் 4உம் இருக்கலாம், 24உம் அரையும் இருக்கலாம். பெருக்கல் பூஜ்யம் என்றாலோ, இரண்டில் ஒன்று கட்டாயம் பூஜ்யம். க² − 5க + 6 = 0 என்பதை (க − 2)(க − 3) = 0 என்று காரணிப்படுத்தியதும் 2, 3 என்ற விடைகள் தாமே விழுவது இதனால்தான். எல்லா உறுப்புகளையும் ஒரு பக்கம் கொண்டுவந்து பூஜ்யத்துக்குச் சமமாக்கும் வழக்கம் ஐரோப்பாவில் ஹாரியட்டின் 1631ஆம் ஆண்டு நூலிலும் தெக்கார்த்தின் 1637ஆம் ஆண்டு நூலிலும் பயன்பட்டுப் பரவியது. இதற்கு விதிவிலக்கான எண் உலகங்களும் உண்டு. பன்னிரண்டு மணிக் கடிகாரத்தில் 12ஐப் பூஜ்யமாகக் கொண்டால் 3 × 4 பூஜ்யம். 3உம் பூஜ்யமில்லை, 4உம் பூஜ்யமில்லை. மேல்நிலை வகுப்பில் வரும் அணிகளிலும் இப்படியே. இவற்றில் பூஜ்யத்தின் அழிக்கும் குணம் மற்ற சில உறுப்புகளுக்கும் தொற்றிக்கொள்கிறது. பூச்சியக்கோவை அணிக்கு, அதாவது அணிக்கோவை பூஜ்யமாகும் அணிக்கு, நேர்மாறு கிடையாது என்ற தேற்றம், பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்ற பழைய விதியின் விரிவே.

இதெல்லாம் வகுப்பறையோடு நின்றுவிடும் விஷயம் என்று நினைப்பவர்கள் வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரை நீளும் தோல் தொழில் பகுதியின் கழிவுநீர்க் கணக்கைப் பார்க்கலாம். தோல் கெடாமலிருக்க உப்பிட்டு வைக்கிறார்கள். ஆலையின் முதல் ஊறலிலேயே அந்த உப்பு தண்ணீருக்கு வந்துவிடுகிறது. பாலாற்றுப் படுகையில் இது சேர்ந்து ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை, வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் பதிவு செய்தது. கழிவுநீரின் கணக்கு ஓர் எளிய பெருக்கல்: ஆற்றுக்குப் போகும் உப்பின் சுமை என்பது நீரின் அளவும் அதன் செறிவும் பெருக்கிய தொகை. லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த திடப்பொருள் இருக்கக் கூடாது என்ற வரம்பு செறிவை மட்டும் பிடிக்கிறது. ஓர் உதாரணத்துக்கு, நாளொன்றுக்கு 100 கிலோலிட்டர் நீர், லிட்டருக்கு 10 கிராம் உப்பு என்று வைத்தால் சுமை ஒரு டன். அதில் நான்கு மடங்கு நல்ல தண்ணீரைக் கலந்தால் 500 கிலோலிட்டர், லிட்டருக்கு 2 கிராம். வரம்புக்குள் வந்துவிட்டது, சுமை அதே ஒரு டன். ஒரு காரணியை மட்டும் கட்டுப்படுத்தினால் பெருக்கல்தொகை அடங்காது. இன்னொரு காரணியையே பூஜ்யமாக்கிவிடு என்பதுதான் பின்னர் வந்த 'பூஜ்யக் கழிவுநீர் வெளியேற்றம்' என்ற நிபந்தனை. வெளியேறும் நீர் பூஜ்யம் என்றால் செறிவு எதுவானாலும் ஆற்றுக்குச் சுமை பூஜ்யம். கணித நோக்கில் இது மிகச் சரியான தீர்வு, ஆற்றுக்கு இதைவிட உறுதியான பாதுகாப்பும் கிடையாது.

ஆனால் பூஜ்யப் பெருக்கலின் மறுபக்கமும் சேர்ந்தே வந்தது. பதிவேட்டில் சுமை பூஜ்யம் என்று எழுதியபின் செறிவு என்னவென்று அந்தப் பதிவேடு சொல்லாது. உள்ளே லிட்டருக்கு 10 கிராமா, 100 கிராமா என்பது அந்தப் பூஜ்யத்தில் அழிந்துவிட்டது. நடப்பதைப் படிப்படியாகப் பார்த்தால் விஷயம் இன்னும் கூர்மையாகும். எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) கருவியும் பிறகு ஆவியாக்கியும் நீரைப் பிரித்தெடுக்க எடுக்க மிச்சக் கரைசல் சுருங்கும், உப்பு சுருங்காது. 100 கிலோலிட்டரில் லிட்டருக்கு 10 கிராம், 10 கிலோலிட்டரில் லிட்டருக்கு 100 கிராம், 5 கிலோலிட்டரில் லிட்டருக்கு 200 கிராம். எந்தக் கட்டத்திலும் பெருக்கல்தொகை ஒரு டன்தான். ஆவியாக்கி முடித்ததும் நீர் பூஜ்யம், ஒரு டன் உப்பு தரையில் கிடக்கிறது. நீரின் அளவு பூஜ்யத்தை நெருங்கினாலும் உப்பின் மொத்த எடை பூஜ்யத்தை நெருங்கவே இல்லை. ஆற்றின் கணக்கில் இருப்பது உண்மையான பூஜ்யம். ஆலை வளாகத்தின் கணக்கில் இருப்பது பாஸ்கரரின் பூஜ்யம், அடையாளத்தோடு வைத்திருக்க வேண்டிய பூஜ்யம். இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் தேங்கிய கழிவு கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். ஆற்றுக்குப் போகாததெல்லாம் எங்கோ இருக்கிறது, அதற்கு எடையும் அழுத்தமும் உண்டு என்பதை எழுத்தில் வைக்காத கணக்கு முழுக்கணக்கு ஆகாது.

இதற்கு ஓர் எதிர்வாதம் வரும். பூஜ்ய வெளியேற்றம் என்பது சட்டச் சொல், அதைக் கணிதப் பூஜ்யமாகப் படிப்பது மிகை என்பார்கள். அந்தச் சொல் மேற்பார்வையாளருக்கு ஒரு பெருக்கலைத்தான் கற்பிக்கிறது என்பது என் பதில். இரவில் கசியும் ஒரு கிலோலிட்டர் நீரை 'ஏறத்தாழப் பூஜ்யம்' என்று விட்டால், செறிவூட்டிய கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் இருக்கும்போது அது 50 கிலோ உப்பு. வரம்புக்குட்பட்ட 2 கிராம் நீரில் அதே உப்பு போக 25 கிலோலிட்டர் வேண்டும். மற்ற காரணி பெரிதாக இருக்கும்போது பூஜ்யமும் ஏறத்தாழப் பூஜ்யமும் தரும் விடைகள் வேறு. கழிவை எடையிட்டு, உள்ளே வந்த உப்பும் சேமித்த உப்பும் சரிபார்க்கப்பட்டால்தான் பெருக்கல் அழித்த தகவல் வேறு வழியில் மீளும். ஆற்றோரத்துக் குழாயின் வாயில் அளந்தால் மட்டும் மீளாது.

கணித நோக்கிலிருந்தே இன்னொரு ஆட்சேபம் உண்டு, அது வலுவானது. குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்றார்கள், பிறகு கற்பனை எண்ணைப் படைத்துக்கொண்டார்கள். அதுபோல் பூஜ்யத்தின் நேர்மாறாக ஒரு புது எண்ணைப் படைத்து, பூஜ்யப் பெருக்கலையும் திரும்பிவரக் கூடியதாக்கினால் என்ன? படைக்கலாம், ஆனால் விலை தாங்காது. அந்தப் புது எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கினால் 1 வர வேண்டும். பங்கீட்டுப் பண்போ எதைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யம் என்கிறது. ஆக 1 = 0, அதிலிருந்து எல்லா எண்ணும் பூஜ்யம். கற்பனை எண் பழைய கூட்டல், பெருக்கல் விதிகள் எதையும் உடைக்காமல் வந்து சேர்ந்தது; இது வீட்டையே இடித்துவிட்டு உள்ளே வருகிறது. பங்கீட்டுப் பண்பைக் கைவிட்டு அமைக்கும் கணித அமைப்புகள் இருக்கின்றன, அவற்றுக்குப் பயனும் உண்டு, ஆனால் அங்கே நாம் அறிந்த சமன்பாட்டு முறை நடக்காது. கணினிகளுக்கான 1985ஆம் ஆண்டின் ஐ.ட்ரிபிள்.இ. 754 தரநிலை நடைமுறைக்கு ஏற்ற வழியை எடுத்தது. முடிவிலிக்கு ஒரு குறி வைத்துக்கொண்டு, பூஜ்யத்தை முடிவிலியால் பெருக்கச் சொன்னால் 'எண் அல்ல' என்று பதில் தருமாறு செய்தது. தகவல் இல்லாத இடத்தில் ஒரு பூஜ்யத்தை இட்டு நிரப்பாமல், தகவல் இல்லை என்றே சொல்லும் அந்த முடிவை நான் மதிக்கிறேன். ராமானுஜன் கும்பகோணத்துப் பள்ளிநாட்களில், எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் 1 என்று ஆசிரியர் சொன்னபோது பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் ஒன்றா என்று கேட்டதாக ஒரு செய்தி வழங்குகிறது. அதற்கான நேர்மையான பதிலும் இதுவே: எந்த எண்ணைச் சொன்னாலும் பொருந்தும், ஆகவே எதையும் சொல்ல முடியாது.

பாடத்திட்டத்தில் இதற்காகப் புதிய அத்தியாயம் எதுவும் தேவையில்லை. பங்கீட்டுப் பண்பு ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் பூஜ்யப் பெருக்கலின் நிரூபணத்தை வைக்கலாம். காரணிப்படுத்தல் வரும் இடத்தில் க² = 5க போன்ற இரண்டு கணக்குகளும், பாஸ்கரரின் 63 கணக்கும் சேர்ந்தால், அடித்துவிடும் பழக்கத்துக்கு முன்னால் மாணவர் ஒரு நிமிடம் நிற்பார். ஆற்காடு, கலவை, ஆம்பூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் சுமையும் செறிவும் நீரளவும் கொண்ட கணக்கைக் கொடுக்கலாம். அங்கே படிக்கும் பிள்ளைகளில் பலருடைய வீட்டுக் கிணற்று நீரோடு தொடர்புள்ள கணக்கு அது. அதில் கடைசிக் கேள்வி இப்படி இருக்கட்டும்: வெளியேறிய நீர் பூஜ்யம், ஆற்றுக்குப் போன சுமை பூஜ்யம் என்றால், ஆலைக்குள் இருக்கும் கரைசலின் செறிவு என்ன? 'பூஜ்யம்' என்று எழுதியவருக்கு மதிப்பெண் இல்லை. 'கொடுத்த விவரத்திலிருந்து சொல்ல முடியாது' என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண். அதை அறிய உள்ளே எதை அளக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து எழுதியவருக்கு அதற்கு மேலும் தரலாம்.